பதினாறு மெஷின்களுக்கு மேலே ஓர் அறை

சப்வூஃபர் பெட்டியை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு என்றான், அதை மாட்டித்தர வந்திருந்த ராபின். முதலில் அதை ஆள் உட்காரும் இடத்தில் வைக்க வேண்டும். பிறகு ஆள் தரையில் தவழ்ந்து போய், எந்த மூலையில் சத்தம் சீராகக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். இடம் கிடைத்ததும் பெட்டியும் ஆளும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

தரணீதரன் அவன் முகத்தைப் பார்த்தார். விளையாடுகிற மாதிரி தெரியவில்லை. காலையிலிருந்து அவனுக்கு இது மூன்றாவது வீடு. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் செருகியதை மறந்துவிட்டு அதைப் பைக்குள் தேடிக்கொண்டிருந்தான்.

"நானுங்களா தவழோணும்?"

"நீங்கதான சார் கேக்கப் போறீய. என் காதுக்கு வச்சி என்ன செய்ய?"

நாசரேத் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம் அவனுடையது. பத்து வயதில் வந்தவன். இருபது வருடம் ஆகியும் பேச்சு மட்டும் திருப்பூருக்கு வந்து சேரவில்லை.

தரணீதரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். நாற்பத்து மூன்று வயதில் முழங்கால் இப்படிக் கடகடக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. சோபாவின் நடுவில், விருந்தாளி மாதிரி, அந்தக் கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. ராபின் போனைத் தட்டியதும் அதிலிருந்து ஒரே தாழ்ந்த சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. புதுக் கம்பளத்தின் மேல் அவர் சுவரோரமாக நகர்ந்தார். கதவு மூலையில் சத்தம் இருந்தது. சன்னலுக்குக் கீழே கொஞ்சம் இருந்தது. எதிர் மூலையில் இருந்த சிமெண்ட் பில்லரின் பக்கம் வந்தபோது ஒன்றுமே இல்லை.

"இங்க கேக்கறதே இல்லீங்க."

"அப்பிடியே கொஞ்சம் பின்னால வாங்க சார்."

"மூணு கம்பெனிக்குத் துணி ஓட்டிக் குடுக்கறவன் இப்படித் தவழ்றேன்னு வெளிய சொல்லிப்போடாதீங்க."

"போன வாரம் ஒரு டாக்டர் தவழ்ந்தாரு. அவரு உங்கள விட குண்டு."

கடைசியில் வலது பக்க ஸ்பீக்கர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், ஓர் ஆள் குறுகி உட்காரும் அளவு இடம் கிடைத்தது. ராபின் சப்வூஃபரை அங்கே தூக்கிவைத்து ஒயரை மாட்டினான். முன்னால் நிற்கும் இரண்டு பெட்டிகளும் பாட்டைப் பாடும், அவற்றுக்கு எட்டாத அடிச்சத்தத்தை மட்டும் இது பார்த்துக்கொள்ளும் என்றான். "ரெண்டும் சேர்ற எடம் தெரியக் கூடாது சார். இப்பிடி ஒண்ணு ரூம்ல இருக்குன்னே தோணக் கூடாது. நிறுத்தினாத்தான் என்னமோ கொறையுதேன்னு இருக்கணும்."

தரணீதரன் தலையாட்டினார். அது அவருக்குப் பிடித்திருந்தது. பெட்டியின் முன்பக்கம் இழுத்துக் கட்டியிருந்த கறுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தார். "இதும் நிட்டிங்தானுங்க" என்றார். அதற்குள் அதன்மேல் ஒரு நூலிழை பஞ்சு ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டார்.

அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஜனனி வருவாள்.

ஐந்து மாதமாக ஜனனி அவிநாசியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. அவள் அவிநாசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்த வீடு இருக்கும் நல்லூரிலிருந்து போனால் பஸ் ஒத்துவருவதில்லை. கேட்டவர்களும் ஆமாமுங்க, பஸ் ஒத்துவராதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உண்மைக் காரணம் தூக்கம்.

வீட்டின் கீழ்த்தளம் முழுக்க நிட்டிங் மெஷின்கள். கல்யாணமாகி அவள் வந்தபோது நான்கு இருந்தன. முதல் வாரமே, "தலகாணிக்குள்ள மெஷின் ஓடுதுங்க" என்றாள். அவர் சிரித்தார். போகப் போகப் பழகிவிடும் என்றார். பதின்மூன்று வருடத்தில் மெஷின் பதினாறாகியது, அவளுக்குப் பழகவில்லை. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். கட்டிலை இடம் மாற்றிப் பார்த்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தூங்காமலே காலையில் எழுந்து பஸ் ஏறினாள். அரைப்பரீட்சை நடக்கும்போது, கண்காணிக்க நின்றவள் நின்றபடியே கரும்பலகையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நாற்பது பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை வந்து தோளைத் தொட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் அவள் நல்லூருக்கு வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் போனில் சொன்னாள். "இங்க ஒரு ஊடு வாடகைக்கு வருதுங்க. தேர்வீதிக்குப் பின்னால. மாசக் கடைசி வரைக்கும் எனக்காக வச்சிருக்கறேன்னு சொல்லியிருக்காங்க. நீங்களும் வர்றதுன்னா ரெண்டு பேருக்கும். இல்லீன்னா எனக்கு மட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். அவள் மளிகைச் சாமான் எழுதுகிற குரலில் சொன்னாள்.

"ஒரு ரூம் கட்டியிருக்கறேன் ஜனனி" என்றார் அவர். "மாடியில. பாட்டுக் கேக்கறதுக்கு ஒரு ரூம் வேணும்னு சொன்னயில்ல. வந்து ஒருக்கா பாரு. பாத்துப்போட்டுச் சொல்லு."

அவள் அப்படிச் சொல்லிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. "சரிங்க, வந்து கேட்டுப்போட்டுச் சொல்றேன்" என்றாள். அந்த அறையில் அவளால் இருக்க முடிந்தால் திரும்பி வருவாள். முடியாவிட்டால் தேர்வீதி வீட்டுக்குச் சாவி வாங்கிவிடுவாள்.

தரணீதரனால் மெஷினை விட்டுப் போக முடியாது. அது வெறும் பிடிவாதம் இல்லை. ஓடுவது அவருக்குக் கேட்காது, ஆனால் நிற்பது கேட்கும். எந்த நேரமானாலும் கீழே ஒரு மெஷினில் நூல் அறுந்து அது நின்றால் அவருக்கு விழிப்பு வந்துவிடும். ஆபரேட்டர் பார்ப்பதற்குள் இவர் படியிறங்கி வந்துவிடுவார். எந்த மெஷின் என்றுகூட எழும்போதே தெரியும். நல்லூரில் இந்தக் காதைப் பற்றிப் பேச்சே உண்டு.

"சார், இதப் பாருங்க" என்று ராபின் போனை நீட்டினான். திரையில் ஒரு கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. "இப்ப பாட்டு எதுவும் போடல. ஆனா இங்க பாருங்க, மேடு கட்டி நிக்கு. இது உங்க மெஷினு."

"இங்க ஒரு சத்தமும் இல்லீங்களே."

"இருக்கு சார்."

"போன் தப்பாக் காட்டுதாட்ட இருக்குதுங்க. ரெண்டு கண்ணாடி போட்ட சன்னலு. கதவு பாத்தீங்கன்னா இத்தனை மொத்தம். செவுத்துக்குள்ள பூராவும் பஞ்சு வச்சு அடைச்சிருக்குதுங்க."

ராபின் தனக்குக் கொண்டுவந்திருந்த தண்ணீர் டம்ளரைக் கம்பளம் இல்லாத ஓரத்தில், தரையில் வைத்தான். தண்ணீரின் மேல் சிறுசிறு வளையங்கள் வந்தபடி இருந்தன.

"தண்ணிக்குக் கேக்கு சார்."

தரணீதரன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ராபின் எழுந்து போய்ப் பில்லரில் உள்ளங்கையை வைத்தான். "சத்தம் சன்னல் வழியா வரல. இது வழியா வருது. இத எதக் கொண்டு அடைப்பீய? ஒரு பத்து நிமிஷம் மெஷின நிறுத்தச் சொல்லுங்க. அதுக்குள்ள அளந்துருவேன்."

ராசப்பனைக் கூப்பிட்டார்கள். மெஷின்களைக் கவனித்துக்கொள்ளும் பிட்டர் அவர். தரணீதரனின் அப்பா காலத்திலிருந்து இருப்பவர். அறை வாசலிலேயே நின்று, கம்பளத்தை மிதிக்காமல், தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"நிறுத்தறதுங்களா? பதினாறும் லைக்ரா துணிங்க. ரோல் பாதியில நிறுத்துனா நிறுத்துன எடத்துல கோடு உழுந்துரும். சாயம் போட்டதுக்கப்பறம் அது பல்லக் காட்டும். ஏனய்யா இந்தக் கோடுன்னு கேட்டா, எங்க மொதலாளி பாட்டுக் கேட்ட எடமுங்க அதுன்னு சொல்லிக்கலாமுங்களா?"

"சரி, போங்க" என்றார் தரணீதரன்.

ராபின் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நான்காவது வீடு ஒன்று முதலிபாளையத்தில் பாக்கி இருந்தது. மெஷின் ஓட ஓடவே அளந்து, முடிந்தவரை கணக்குப் பண்ணி, சப்வூஃபரின் பின்னாலிருந்த குமிழைத் திருகினான். அதைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் முள் பத்து மணியில் நின்றது. ஒரு பாட்டைப் போட்டான்.

தரணீதரன் சோபாவில் உட்கார்ந்து கேட்டார். குரல் நன்றாக இருந்தது. வயலின் நன்றாக இருந்தது. அவ்வளவுதான். போன வாரம் வரை கூடத்தில் வைத்திருந்த சின்னப் பெட்டியே இதைச் செய்யும்.

"அடிச்சத்தமே வர்றதில்லீங்க."

"வருது சார். உங்க மெஷின் சத்தமும் அதே எடத்துலதான் இருக்கு. உங்களுக்குக் கேக்காட்டியும் அது அங்க உக்காந்திருக்கு. இதுக்கு உக்கார எடமில்ல."

"கொஞ்சம் ஏத்துங்க."

பதினொன்று. பன்னிரண்டு. ஒன்று. தரணீதரன் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். இரண்டு மணிக்கு முள் வந்தபோது அந்தப் பாட்டு தரையிலிருந்து எழுந்து அவர் நெஞ்சைத் தொட்டது. கண்ணை மூடினார். பாட்டென்றால் இதுவா என்று இருந்தது. ஜனனி இத்தனை வருடம் இதைத்தான் கேட்டிருக்கிறாள்.

"இப்பத்தானுங்க சரியா இருக்குது."

"இது ரொம்ப அதிகம் சார். நான் சொல்லிட்டேன்." ராபின் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே பேசினான். "ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சி பதினொன்னரைக்கு ஒருக்கா வந்து பாக்கேன்."

இந்த யோசனை தரணீதரனுக்கு அன்று சாயங்காலம், டீக்கடையில் நிற்கும்போது வந்தது. ஜனனி வருகிற நேரத்துக்கு மெஷின்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் என்ன? அவள் வந்த பதின்மூன்று வருடத்தில் அவளுக்காக ஒரு மெஷினைக்கூட அவர் நிறுத்தியதில்லை. மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஆர்டர்தான். ஆனாலும் ஞாயிறு பதினொன்றிலிருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் என்றால் சமாளித்துக்கொள்ளலாம். ரோல் பாதியில் நிற்கக் கூடாது, அவ்வளவுதானே? பதினாறு ரோலும் ஞாயிறு காலை பத்தே முக்காலுக்குள் முடிகிற மாதிரி இப்போதிலிருந்தே திட்டம் போட்டால் ஆயிற்று.

ராசப்பன் முதலில் ஒப்பவில்லை.

"எதுக்குங்க இப்ப?"

"அம்மிணி வர்றா."

ராசப்பன் காதில் செருகியிருந்த சாக்குக் கட்டியை எடுத்தார். ஒவ்வொரு மெஷினாகப் போய், எத்தனை மணிக்கு ரோல் இறக்க வேண்டும், அடுத்ததை எப்போது தொடங்க வேண்டும் என்று இரும்புக் காலில் எழுதத் தொடங்கினார். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வெள்ளியும் சனியும் அவரும் தரணீதரனும் அந்த வெள்ளை எழுத்தைச் சுற்றியே நடந்தார்கள். பத்தாம் நம்பர் மெஷின் சனி மதியம் அரைமணி பின்தங்கியபோது ராசப்பன் சாப்பிடப் போகாமல் அதன் பக்கத்திலேயே நின்றார்.

ராபினிடம் சொல்ல வேண்டும் என்று தரணீதரனுக்குத் தோன்றவே இல்லை. சொல்ல என்ன இருக்கிறது? மாடியில்தான் ஒரு சத்தமும் கிடையாதே.

ஞாயிற்றுக்கிழமை பத்தே கால் மணிக்கு முதல் மெஷின் நின்றது. அவர் மாடியில் சோபா உறையை நீவிக்கொண்டிருந்தார். கை தானாக நின்றது. நாலாம் நம்பர், என்றது மனம். கீழே போகாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு ஏழு. பிறகு பதினொன்று. கீழே ராசப்பன் மெஷின் ஓட்டும் ஒடிசாப் பையன்களிடம் "பந்த் கரோ, பந்த் கரோ" என்று இந்தியில் நிறுத்தச் சொல்வது கேட்டது. ஒவ்வொன்று நிற்கும்போதும் உடம்பிலிருந்து ஏதோ ஒன்றைக் கழற்றிவைப்பது போல இருந்தது. பதினாறாவதும் நின்றபோது அவருக்குக் காதுக்குள் மெல்லிய கம்பி ஒன்று இழுபட்டுக்கொண்டிருந்தது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று போன் வருவதற்கு முன்னால் இருக்குமே, அந்த மாதிரி.

ஜனனி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். மெலிந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. அவள் பேசுவதற்கு முன் சுற்றிலும் பார்த்தாள்.

"ஏனுங்க, கரண்ட் இல்லீங்களா?"

"இருக்குது. நாந்தான் நிறுத்தச் சொன்னேன்."

"ஆர்டர் இருக்கறப்பவா?"

"நீ வர்றயில்ல."

அவள் அவரைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்து, "காப்பி குடிச்சீங்களா" என்று மட்டும் கேட்டாள். மாடி ஏறும்போது பாதிப் படியில் ஒரு கணம் நின்று கைப்பிடிச் சுவரைத் தொட்டாள். அவர் பின்னால் நின்று பார்த்தார். அவள் அதைத் தொட்ட விதம், காய்ச்சல் விட்டுவிட்டதா என்று ஒரு நெற்றியைத் தொடுகிற விதம்.

அறை அவளுக்குப் பிடித்தது. கம்பளத்தில் காலை வைத்துப் பார்த்தாள். சன்னல் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். "இத்தனை செஞ்சிருக்கீங்களே" என்றாள். சோபாவின் நடுவில், மூன்று நாளுக்கு முன் சப்வூஃபர் இருந்த இடத்தில் உட்கார்ந்து, தன் போனிலிருந்து ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். அவர் பொத்தானை அழுத்தினார்.

முதலில் குரல் வந்தது. அடுத்த அடியில் தரை இடித்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குரல் எங்கோ அடியில் அமுங்கிப்போய், ஒரே தாழ்ந்த சத்தம் அறை முழுக்க நிரம்பி, விடாமல், சுவருக்குச் சுவர் உருண்டது. அவர் பதறி வால்யூமைக் குறைத்தார். குரல்தான் முதலில் மறைந்தது. அது போகவில்லை.

ஜனனி கால்களைச் சோபாவின் மேல் தூக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் இருக்கையைப் பிடித்திருந்தன. அந்த முகத்தை அவருக்குத் தெரியும். போன வருடம் முழுக்கக் காலையில் பார்த்த முகம்.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். அறை மறுபடி அமைதியானது.

"கீழ இருந்ததை மேல கொண்டாந்துட்டீங்க" என்றாள். குரலில் குற்றம் சொல்கிற சாயல் இல்லை. களைத்துப்போயிருந்தாள்.

அவர் பெட்டியின் பின்னால் குனிந்து, எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றார். வியாழக்கிழமை இதே பெட்டிதான், இதே இடம்தான், இதே சோபாதான். "அன்னைக்கு நல்லா இருந்துது ஜனனி. சத்தியமா நல்லா இருந்துது."

பதினொன்றரைக்கு ராபின் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் பைபிள். அறைக்குள் வரவில்லை. படி ஏறி முடித்த இடத்திலேயே நின்று காதைச் சாய்த்தான்.

"மெஷின் ஓடல" என்றான்.

"நிறுத்தியிருக்குதுங்க."

"சார், நிறுத்தப் போறேன்னு சொல்லவேயில்லையே."

"அதுக்கும் இதுக்கும் என்னுங்க?"

ராபின் உள்ளே வந்து, ஜனனிக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, பெட்டியின் பின்னால் குனிந்து குமிழைத் திருகினான். ஒன்று, பன்னிரண்டு, பதினொன்று, பத்து. "இப்ப போடுங்க."

அதே பாட்டு. ஒரு பெண் குரல், அதற்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஒரு வயலின், எல்லாவற்றுக்கும் அடியில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு நடை. அது வலது பக்க மூலையிலிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பாட்டுக்குள்ளிருந்தே வந்தது. ஜனனி காலைத் தரையில் இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். ராபின் நடுவில் ஒரு முறை சப்வூஃபரை அணைத்துக் காட்டினான். பாட்டு மெலிந்து, ஒட்டின காகிதம் போல ஆயிற்று. அவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள். மறுபடி போட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லா இருக்குதுங்க" என்றாள், பாட்டு முடிந்ததும். பிறகு கேட்டாள், "மெஷின் ஓடறப்ப அந்த முள்ளை எங்க வைக்கோணும்?"

ராபின் தரணீதரனைப் பார்த்தான். "ரெண்டு மணிக்கு, அக்கா. அப்பத்தான் கேக்கும்."

"ரெண்டு மணியில வச்சாத்தானுங்க மொதல்ல அப்படிக் கேட்டுது?"

"ஆமா. அது மெஷின் நிக்கும்போது. ஓடும்போது அந்தச் சத்தத்தையும் தாண்டி இது வரணும்லா?"

"அப்ப ஓடறப்ப எனக்கு ரெண்டும் சேந்து கேக்கும்."

"அக்காவுக்குக் கேக்கும். சாருக்கு இது மட்டும்தான் கேக்கும்."

கணக்கு டீச்சர் கேட்கிற முறையில் கேட்டுவிட்டாள், விடையும் வந்துவிட்டது. ராபின் பைபிளை எடுத்துக்கொண்டான். "இந்த மூணு பெட்டிய ஒண்ணாச் சேக்கது என் வேல சார். சேத்துட்டேன். கீழ பதினாறு இருக்கு. அத நான் ஒண்ணும் செய்ய முடியாது." படி இறங்கும்போது திரும்பி, "முள்ளப் பத்துலயே விட்டுட்டுப் போறேன்" என்றான்.

அவர்கள் இன்னும் நான்கு பாட்டுக் கேட்டார்கள். நான்காவது பாட்டில் ஜனனி தூங்கிவிட்டாள்.

தரணீதரன் பாட்டை நிறுத்தினால் விழித்துவிடுவாளோ என்று பயந்து அது முடியும்வரை காத்திருந்தார். பிறகு அதை அணைத்துவிட்டுக் கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். செய்வதற்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. நல்லூர் நிறுத்தத்தில் பஸ் ஒன்று காற்றை விட்டுவிட்டுக் கிளம்பியது. அவருக்குக் கொட்டாவி வந்தது, தூக்கம் வரவில்லை. நின்றுபோன பதினாறு மெஷினும் கீழே அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன.

வெகு நேரம் கழித்து வேறு ஒரு சத்தம் இருப்பது தெரிந்தது. மெல்லிய, சீரான, இழுத்து விடுகிற சத்தம். பெட்டியை அணைக்க மறந்துவிட்டோமா என்று எழுந்து போய்ப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. சோபாவுக்கு அருகில் வந்தபோது புரிந்தது. ஜனனி குறட்டை விடுகிறாள். இத்தனை வருடத்தில் அவள் குறட்டை விடுவாள் என்று அவருக்குத் தெரியாது. எப்போதாவது விட்டிருந்தாலும் கேட்டிருக்காது.

நாலு மணிக்கு ராசப்பன் போன் அடித்தார். தரணீதரன் ஓடிப் படிக்கட்டுக்கு வந்து எடுத்தார்.

"பசங்க டீக் குடிச்சுப்போட்டு வந்துட்டாங்க. ஓட்டிரலாமுங்களா?"

"இன்னும் அரை மணி."

நாலரைக்கு, "அஞ்சு ஆகட்டும்" என்றார். ஐந்துக்கு ராசப்பனே படி ஏறி வந்தார். திறந்திருந்த கதவு வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். சோபாவில் அவள் வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்த்துவிட்டு, வந்த மாதிரியே ஓசைப்படாமல் இறங்கிப் போனார். கீழே அவர் பையன்களிடம் என்ன சொன்னாரோ, அவர்கள் பேச்சும் அடங்கியது.

ஐந்தே முக்காலுக்கு ஜனனி விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள் போல மேலே பார்த்தாள்.

"எத்தனை நேரமுங்க தூங்கிட்டேன்?"

"அஞ்சு மணி நேரம் இருக்கும்."

"அப்ப மெஷின்?"

"இன்னும் ஓட்டலை."

அவள் எழுந்து உட்கார்ந்து கலைந்த தலையை முடிந்துகொண்டாள். "ஓட்டச் சொல்லுங்க. லைக்ரா ஆர்டர்னு சொன்னீங்க. நாளைக்குத் துணி போகாட்டி அவங்க சும்மா இருக்க மாட்டாங்க."

"போகட்டும் பாத்துக்கலாம்." அவர் கம்பளத்தில் ஒட்டியிருந்த ஒரு பஞ்சுத் துணுக்கை நகத்தால் கிள்ளி எடுத்தார். அதை விரலால் உருட்டிக்கொண்டே கேட்டார். "அந்தத் தேர்வீதி ஊட்ல ஹால் எவ்வளவு பெருசு?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "பத்துக்குப் பதினொண்ணு."

"அப்ப இந்தக் கறுப்புப் பெட்டி வேண்டியதில்லை. மத்த ரெண்டு போதும். சின்ன ரூமுக்கு அதுவே பத்தும்னு ராபின் சொல்லியிருக்கறாரு."

"நீங்க அங்க தூங்குவீங்களா?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தார். "தெரியலை. மெஷின் நின்னா எனக்கு முழிப்பு வந்துருது. அங்க எப்பவுமே நின்ன மாதிரிதான் இருக்கும்."

"ஆமாங்க."

"காலையில நேரமா எந்திரிச்சு இங்க வந்தர்றேன். சாயங்காலம் வந்தர்றேன். நடுவுல ஏதாச்சும் நின்னா ராசப்பன் போன் பண்ணட்டும்."

"பதிமூணு வருசம் நான் முழிச்சுட்டு இருந்தேன்" என்றாள் ஜனனி. "கொஞ்ச நாளைக்கு நீங்க முழிச்சிருங்க." குத்திக் காட்டிய மாதிரி இல்லை. சமையலை இன்றைக்கு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரிதான் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பஸ் நிறுத்தத்துல கொண்டுபோய் உடுங்க. ஆறே காலுக்கு ஒண்ணு இருக்குது."

அவர் படிக்கட்டில் நின்று ராசப்பனுக்குக் குரல் கொடுத்தார். கீழே விளக்குகள் எரிந்தன. முதல் மெஷின் எழுந்தது. அது அவருக்கு நன்றாகக் கேட்டது. இரும்பும் இரும்பும் உரசுவதற்கு முன்னால் வருகிற ஒரு தாழ்ந்த மூச்சு. இரண்டாவது, மூன்றாவது. ராபின் செய்தது போலக் கையைச் சுவரில் வைத்தார். உள்ளங்கைக்குள் சுவர் அதிர்ந்தது. இதுவா, இதோடா அவள் படுத்திருந்தாள் என்று இருந்தது. இனி இதை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஒன்பது, பத்து, பதினொன்று வரை எண்ணினார்.

ஜனனி அவரைத் தாண்டிப் படி இறங்கிப் போனாள், சற்று வேகமாக. அவர் வண்டிச் சாவியை எடுக்க அறைக்குள் போனார். சோபாவில் அவள் தலை வைத்த இடத்தில் பள்ளம் இன்னும் நிமிராமல் இருந்தது. சாவி எங்கே என்று தேடினார், மேசையில் இல்லை, சட்டைப்பையிலேயே இருந்தது. கதவைச் சாத்தும்போது எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கவே, நின்று காது கொடுத்தார்.

மறுபடி அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கீழே பதினாறும் ஓடிக்கொண்டிருந்தன. தெருவிலிருந்து ஜனனி, நேரமாச்சுங்க என்று கூப்பிட்டாள்.